பழைய கிரேக்கத் தெய்வங்களை இன்று வழிபடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீயஸ், அதீனா, அப்போலோ, டிமீட்டர் முதலிய பழைய கிரேக்கத் தெய்வங்களை வேண்டுதலாலும் பாட்டாலும் கதையாலும் இன்று வணங்குகிறவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சில கேள்விகள் தவறாமல் வருகின்றன. அவற்றையும், கிரேக்கத் துதிப்பாடல்களைப் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்துவரும் ஒருவனாக நான் தரக்கூடிய விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இத்தெய்வங்களை இன்று யாரேனும் உண்மையாகவே வழிபடுகிறார்களா?

வழிபடுகிறார்கள். கிரேக்க நாட்டிலேயே 1997இல் 'கிரேக்க இனமரபினரின் உயர் மன்றம்' என்ற அமைப்பு உருவானது. 2006இல் ஏதென்ஸ் நீதிமன்றம் ஒன்று, பழைய தெய்வங்களை வழிபடும் ஒரு சங்கத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. அச்சங்கத்தினர் 2007 ஜனவரியில், நினைவுச்சின்னப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பண்பாட்டு அமைச்சகம் அனுமதி மறுத்திருந்தபோதும், ஏதென்ஸ் நகரின் நடுவே நிற்கும் ஒலிம்பிய ஜீயஸ் கோயிலின் தூண்களுக்கருகே கூடி வழிபாடு நடத்தினர். 104 தூண்களோடு எழுந்த அக்கோயிலில் இன்று நிமிர்ந்து நிற்பவை 15 மட்டுமே.

2017இல் கிரேக்க அரசு இச்சமயத்தை 'அறியப்பட்ட மதம்' என ஏற்றது. அச்சொல் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் கிரேக்க அரசமைப்பின் 13ஆம் பிரிவு வழிபாட்டுரிமையை 'அறியப்பட்ட' மதங்களுக்கே உறுதிசெய்கிறது என்பதை நினைத்தால், அந்த ஒரு சொல்லுக்காக இவர்கள் இருபது ஆண்டுகள் காத்திருந்தது ஏன் என்பது விளங்கும். கிரேக்கத்துக்கு வெளியே, அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய ஹெல்லேனியான் போன்ற அமைப்புகளும், எந்த அமைப்பிலும் சேராமல் வீட்டளவில் வழிபடும் பலரும் இருக்கிறார்கள்.

இவர்களை 'பாகன்' என்று அழைப்பது சரியா?

'பாகானுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். புதிய சமயத்துக்கு மாறாதவர்களைக் கிறிஸ்தவர்கள் அச்சொல்லால் குறித்தனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் அதையே பெருமையோடு ஏற்றுக்கொண்டார்கள். கிரேக்கத்தில் உள்ளவர்கள் பெரும்பாலும் அதை விரும்புவதில்லை. கி.பி. நான்காம் நூற்றாண்டில் உரோமப் பேரரசர் ஜூலியன் தம் முன்னோரின் வழிபாட்டைக் குறிக்கப் பயன்படுத்திய 'ஹெல்லேனிஸ்மோஸ்' என்ற பெயரையே பலர் கைக்கொள்கிறார்கள். ஒருவர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அப்படியே நாமும் அழைப்பதுதான் முறை.

இது அறுபடாமல் வந்த மரபா?

இல்லை. மரபு அறுந்தது என்பதை மறைப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. கி.பி. 391, 392 ஆண்டுகளில் பேரரசர் தியோடோசியஸ் பிறப்பித்த ஆணைகள் பலியிடுவதையும் கோயிலுக்குள் செல்வதையும் தடுத்ததோடு நிற்கவில்லை. வீட்டுத் தெய்வங்களுக்கு விளக்கேற்றுவதும் தூபமிடுவதும் மாலை சாற்றுவதும்கூடக் குற்றமாயின. 529இல் பேரரசர் ஜஸ்டினியன் காலத்து ஆணை ஏதென்ஸில் தத்துவம் கற்பிப்பதை நிறுத்தியது. கிரேக்கத்தின் தெற்கு முனையிலுள்ள மானி என்ற மலைப்பாங்கான தீபகற்பத்து மக்கள் மட்டும் ஒன்பதாம் நூற்றாண்டுவரை பழைய தெய்வங்களை விடாதிருந்தனர் என்று பைசாந்தியப் பேரரசர் ஒருவரே எழுதிவைத்திருக்கிறார்.

இந்த முறிவின் வாசலில் நிற்கும் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியாது. ஏதென்ஸில் வாழ்ந்து 485இல் மறைந்த ப்ரோக்ளஸ் என்ற தத்துவ ஆசிரியர் அவர். அவருடைய மாணவர் மரினஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பார்த்தினான் கோயிலிலிருந்து அதீனாவின் சிலை அகற்றப்பட்ட காலம் அது. ப்ரோக்ளஸின் கனவில் அழகிய பெண்ணொருத்தி தோன்றி, வீட்டை விரைந்து ஆயத்தம் செய்யுமாறும், ஏதென்ஸின் தலைவி அவரோடு தங்க விரும்புவதாகவும் சொல்கிறாள். தன் கோயிலை இழந்த தெய்வம், தன்னைப் பாடிக்கொண்டிருக்கும் ஒருவனின் வீட்டுக்குக் குடிவருகிறது. ப்ரோக்ளஸ் அத்தெய்வங்கள் மேல் பாடிய துதிகளில் ஏழு நம் கைக்கு வந்திருக்கின்றன. அக்கனவைப் படித்துவிட்டு அதீனாவின் மீது அவர் பாடியதைப் படிக்கும்போது, விருந்தாளியை எதிர்கொள்ள வாசலுக்கு வந்து நிற்கும் ஒருவரின் குரலையே நான் கேட்கிறேன்.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து, ஸ்பார்த்தாவுக்கு அருகிலுள்ள மிஸ்த்ராஸ் நகரில் கெமிஸ்டோஸ் பிளெத்தோன் என்ற அறிஞர் பழைய தெய்வங்களுக்கான வேண்டுதல்களும் விழா நாள்களும் அறுசீர் யாப்பில் புதிய துதிகளும் அடங்கிய ஒரு நூலை எழுதினார். அவர் மறைந்தபின் அந்நூல் கான்ஸ்டாண்டினோப்பிள் திருச்சபைத் தலைவர் ஸ்கொலாரியோஸின் கைக்குப் போனது. அவர் அதை எரித்துவிட்டார். ஆனாலும் சில பகுதிகள் தப்பின. தப்பியவற்றுள் துதிகளும் அடங்கும். 1460களில் இத்தாலியப் படைத்தலைவர் ஒருவர் பிளெத்தோனின் எலும்புகளை எடுத்துச் சென்று ரிமினி நகரத் தேவாலயத்தின் வெளிச்சுவரில் கல்லறை அமைத்து வைத்தார். இன்றும் அங்கே அதைப் பார்க்கலாம்.

ஆக, இன்றைய வழிபாடு குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறி வந்ததன்று. ஏட்டிலிருந்து வாய்க்கு மீண்டும் ஏறியது.

கோயிலும் பூசகரும் போனபின் எஞ்சியது என்ன?

பாட்டு எஞ்சியது. இதைத்தான் நான் இப்பக்கம் முழுவதும் சொல்ல விரும்புகிறேன். சிலைகளில் பல உலைக்களத்துக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் போயின. சடங்கு முறைகளை விளக்கும் நூல்கள் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் துதிப்பாடல்கள், அழகுக்காகவோ மொழிக்காகவோ, பல சமயம் அத்தெய்வங்களை நம்பாதவர்களாலேயே படியெடுக்கப்பட்டு வந்தன. ஹோமரின் பெயரால் வழங்கும் துதிகள் 33. ஆர்ஃபியஸின் பெயரால் வழங்குபவை 87. கவிஞர் கல்லிமக்கோஸ் பாடியவை 6. ஆர்ஃபியத் துதிகளில் பெரும்பாலானவற்றின் தலைப்பிலேயே அத்துதியைச் சொல்லும்போது எதைப் புகைக்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது: ஹெர்மிஸுக்குக் குந்துருக்கம், ஜீயஸுக்கு ஸ்டோராக்ஸ் என்னும் மரப்பிசின், இரவுத் தெய்வத்துக்குத் தீப்பந்தம். தாமஸ் டெய்லர் என்ற ஆங்கிலேய அறிஞர் 1787இல் லண்டனில் இத்துதிகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். அதன்பின் ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு இவை வேண்டுதல் நூலாகவே பயன்பட்டு வருகின்றன.

எஞ்சியது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதற்கு, விளைச்சல் தெய்வமான டிமீட்டரின் மீதான ஹோமரிய துதி சான்று. ஏறத்தாழ 495 அடிகள் கொண்ட அப்பாடல், 1777இல் மாஸ்கோவில் கண்டெடுக்கப்பட்ட ஒரே ஒரு கைப்பிரதியின் வழியாகத்தான் நமக்குக் கிடைத்தது. அப்பிரதி இப்போது நெதர்லாந்தின் லெய்டன் நகரில் உள்ளது. அதிலும் ஓர் ஏடு கிழிந்திருப்பதால் சில அடிகள் பாதியாகவே நிற்கின்றன. கிழிசல் விழுந்த இடம் எது தெரியுமா? பாதாளத்திலிருந்து மீண்ட மகளை அணைத்துக்கொண்டு, "அங்கே ஏதேனும் உண்டாயா?" என்று தாய் டிமீட்டர் கேட்கும் இடம். விடுபட்ட சொற்களை அறிஞர்கள் ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள். வழிபடுவோர் அந்த இடத்துக்கு வரும்போது சற்றே நிறுத்தித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

பாட்டோடு இசையும் ஓரிடத்தில் எஞ்சியது. அப்போலோவின் புனிதத் தலமான டெல்ஃபியில் ஏதென்ஸ் மக்கள் கட்டிய கருவூல மண்டபத்தின் சுவரில் அப்போலோவின் மீதான இரண்டு துதிகள் பொறிக்கப்பட்டிருந்தன. கி.மு. 128ஐ ஒட்டிய காலத்தில் பாடப்பட்டவை எனக் கருதப்படும் அவற்றின் கற்துண்டுகளைப் பிரெஞ்சு அகழ்வாளர்கள் 1893இல் மீட்டார்கள். பாடல் வரிகளுக்கு மேலே, சிறிய எழுத்துகளில் சுரக்குறிகள்! முதல் துதி ஹெலிகான் மலையின் கலைமகளிரை அழைத்து, அவர்களுடைய சகோதரனான பொற்கூந்தலோன் அப்போலோவைப் பாட வருமாறு கேட்கிறது. அடுத்த ஆண்டே, 1894 ஜூனில், பாரிஸ் சோர்போன் மண்டபத்தில் கூடிய ஒலிம்பிக் மாநாட்டில் அத்துதி பாடப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டு ஊமையாய்க் கிடந்த கல் மறுபடி பாடியது.

வேண்டுதல் எப்படி அமைந்திருக்கும்?

இலியட் காப்பியத்தின் தொடக்கத்திலேயே ஒரு முழு வேண்டுதல் வருகிறது. அப்போலோவின் பூசகர் கிரிஸேஸ் தம் மகளை மீட்கக் கிரேக்கர் பாசறைக்கு வருகிறார். படைத்தலைவன் அவரை இழிவாகப் பேசித் துரத்துகிறான். முதியவர் ஒன்றும் பேசாமல், இரையும் கடலின் கரையோரமாக நடந்து சென்று, தனித்து நின்று அப்போலோவை அழைக்கிறார். அவர் சொன்னதன் சாரம் இது: "வெள்ளி வில்லோனே, கேள். கிரிஸே ஊரையும் புனிதமான கில்லாவையும் காப்பவனே, தெனெதோஸை ஆள்பவனே, உனக்கு உவப்பான கோயிலுக்கு நான் எப்போதேனும் கூரை வேய்ந்ததுண்டு என்றால், உனக்காகத் தொடைக்கறி எரித்ததுண்டு என்றால், இதை எனக்கு நிறைவேற்று: என் கண்ணீருக்கு அவர்கள் உன் அம்புகளால் ஈடு கொடுக்கட்டும்."

இதில் மூன்று படிகள் இருக்கின்றன. முதலில் அழைப்பு: யார், எந்தெந்த ஊருக்கு உரியவர், என்னென்ன பெயர் கொண்டவர் என்று சொல்லிக் கூப்பிடுவது. தெய்வத்தைப் பல பெயர் சொல்லி அழைக்கும் இம்முறையைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்து உறவை நினைவூட்டுவது: இதற்கு முன் நமக்குள் நடந்தது இன்னதென்று சொல்வது. கடைசியில் விண்ணப்பம், அது சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கும். இன்று எழுதப்படும் வேண்டுதல்களும் பெரும்பாலும் இவ்வழியிலேயே செல்கின்றன.

கவிஞர் சாஃபோ காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியை அழைத்த பாடல் இதே அமைப்பை மிக நெருக்கமான ஒன்றாக மாற்றிக்காட்டுகிறது. அவருடைய பாடல்களில் முழுமையாக நமக்குக் கிடைத்த ஒன்று என்று உறுதியாகச் சொல்லத்தக்கது அது, 28 அடிகள். உறவை நினைவூட்டும் இடத்தில் சாஃபோ தாம் செய்த பூசைகளைப் பட்டியலிடுவதில்லை. முன்பு ஒருமுறை தாம் அழைத்தபோது, தந்தையின் பொன்மனையை விட்டு, சிட்டுக்குருவிகள் இழுக்கும் தேரில் தேவி இறங்கி வந்ததையும், அழிவில்லாத அந்த முகத்தில் புன்னகையோடு, "இந்த முறை என்ன ஆயிற்று? ஏன் மறுபடி அழைத்தாய்?" என்று கேட்டதையும் சொல்கிறார். வேண்டுகிறவளின் பாட்டுக்குள்ளேயே தெய்வம் பேசத் தொடங்கிவிடுகிறது. பாட்டு முடியும்போது சாஃபோ கேட்பது, தேவி தன்னோடு போர்க்களத்தில் துணைநிற்க வேண்டும் என்பது. காதல் துயரில் இருக்கும் ஒருத்தி தெய்வத்தைத் தோழனாகப் பக்கத்தில் நிற்கச் சொல்கிறாள். உலக மொழிகளில் உள்ள வேண்டுதல்களில் இதற்கு இணையாக நான் மிகச் சிலவற்றையே படித்திருக்கிறேன்.

'நான் கொடுத்தேன், நீ கொடு' என்பது தெய்வத்தோடு செய்யும் பேரம் ஆகாதா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தோன்றும். கிரேக்கர் இதற்குச் சொன்ன சொல் 'காரிஸ்'. அருள், அழகு, நன்றி, மகிழ்வு ஆகிய நான்கும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். ஒருவருக்கொருவர் விருந்தளிக்கும் இரண்டு வீட்டார் கணக்கு வைத்துக்கொண்டு விருந்திடுவதில்லை. ஆனால் கொடுப்பதும் பெறுவதும் நின்றுபோனால் உறவும் நின்றுபோகும். காரிஸ் என்பது அத்தகைய போக்குவரத்து. அதனால்தான் துன்பம் வந்த நாளில் மட்டும் தெய்வத்தை அழைப்பதை வழிபடுவோர் முறையாகக் கருதுவதில்லை. ஒன்றும் கேட்காத நாள்களில் ஊற்றிய நீரும் சொன்ன துதியுமே, கேட்க வேண்டிய நாளில் "எப்போதேனும் நான்..." என்று தொடங்கும் உரிமையைத் தருகின்றன.

வீட்டில் நாள்தோறும் என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலானவர்களின் வழிபாடு மிக எளியது. முதலில் கைகளைக் கழுவித் தூய்மை செய்துகொள்வது. எரியும் குச்சி ஒன்றையோ இலையையோ நீரில் அமிழ்த்தி, அந்நீரைத் தெளித்துக்கொள்ளும் பழைய வழக்கத்தைப் பலர் மீட்டிருக்கிறார்கள். பிறகு அடுப்புத் தீயின் தெய்வமான ஹெஸ்டியாவுக்கு முதல் வணக்கம். ஹெஸ்டியாவுக்கு முதலிலும் கடைசியிலும் இனிய மதுவை ஊற்றாமல் மனிதர்களுக்கு விருந்தே இல்லை என்று ஹோமரிய துதி ஒன்று சொல்கிறது. இன்று பல வீடுகளில் அடுப்புக்குப் பதிலாக ஒரு விளக்கோ மெழுகுவர்த்தியோ எரிகிறது.

அடுத்து வார்த்தல். இதற்குப் பழங்காலத்தார் பயன்படுத்திய 'ஃபியாலே' என்னும் கிண்ணத்தை அருகிலிருந்து பார்த்தால், அது கைக்காகவே பிறந்தது என்பது தெரியும். அகலமானது, ஆழமற்றது, காது இல்லாதது. நடுவே தொப்புள்போல் மேடிட்டிருக்கும். அந்த மேட்டின் அடிப்புறக் குழியில் விரல் பொருந்தும். கட்டைவிரல் விளிம்பைப் பிடிக்கும். மணிக்கட்டைச் சற்றே சாய்த்தால் போதும், மது மெல்லிய தாரையாய் வழியும். குவளை ஓவியங்களில் தெய்வங்களே இக்கிண்ணத்தை ஏந்தி வார்க்கும் காட்சி அடிக்கடி வருகிறது. இன்று கிண்ணம் சமையலறையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். மதுவுக்குப் பதில் நீரோ பாலோ தேனோ இருக்கலாம். வார்க்கும்போது நின்றுகொண்டு, உள்ளங்கைகள் மேல்நோக்கக் கைகளை உயர்த்தி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மண்ணுக்குக் கீழுள்ள தெய்வங்களை அழைக்கும்போது கைகள் நிலத்தை நோக்கும். வாய்விட்டுச் சொல்வது முக்கியம். மனத்துக்குள் முணுமுணுக்கும் வேண்டுதலை முற்காலத்தார் ஐயத்தோடுதான் பார்த்தார்கள்.

மாதக் கணக்கு நிலவைப் பின்பற்றுகிறது. பழைய ஏதென்ஸ் நாள்காட்டியை ஏற்பவர்கள் பிறை தோன்றும் முதல் நாளைப் புனிதமாகக் கொள்கிறார்கள். ஆறாம் நாள் ஆர்ட்டெமிஸுக்கும் ஏழாம் நாள் அப்போலோவுக்கும் உரியவை. மாதத்தின் கடைசி இரவு ஹெக்காட்டிக்கு உரியது. அன்று வீட்டைத் துப்புரவு செய்து, முச்சந்தியில் உணவு படைப்பது பழைய வழக்கம்.

விலங்குகளைப் பலியிடுகிறார்களா?

பொதுவாக இல்லை. முற்காலத்தில் பலியே பெருவிழாக்களின் மையமாக இருந்தது. இன்று அந்த இடத்தில் தூபமும் பழங்களும் பூக்களும் மாவுப் பலகாரங்களும் தேனும் மதுவும் இருக்கின்றன. இவையும் புதிதாகப் புகுந்தவை அல்ல. அன்றும் எளியவர்களின் காணிக்கை இவைதாம்.

ஜீயஸின் காதல் விளையாட்டுகளையெல்லாம் இவர்கள் வரலாறாக நம்புகிறார்களா?

இக்கேள்வியைப் பழங்கிரேக்கரே கேட்டுவிட்டார்கள். திருட்டையும் கூடாவொழுக்கத்தையும் வஞ்சகத்தையும் கவிஞர்களான ஹோமரும் ஹெசியோடும் தெய்வங்கள்மேல் ஏற்றிவிட்டார்கள் என்று கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பிறந்த தத்துவ அறிஞர் க்செனோஃபனேஸ் கடிந்துகொண்டார். கி.பி. நான்காம் நூற்றாண்டில் பேரரசர் ஜூலியனின் வட்டத்தைச் சேர்ந்த சல்லுஸ்டியஸ் என்பவர் தெய்வங்களைப் பற்றி எழுதிய சிறு நூலில், இக்கதைகள் எந்த நாளிலும் நடந்தவையல்ல, எந்நாளும் இருப்பவை என்ற பொருள்பட ஒரு விளக்கம் தந்தார். இன்று வழிபடுவோரில் பலர் தங்கள் நிலையைச் சொல்ல அவருடைய விளக்கத்தையே நாடுகிறார்கள். இம்மரபில் நம்பித்தான் ஆக வேண்டிய வேதநூல் என்று ஒன்று கிடையாது. ஒரே தெய்வத்தின் பிறப்பை இரண்டு ஊர்கள் இரண்டு விதமாகச் சொல்லும், இரண்டும் பாடப்படும்.

கதையைத் தள்ளிவிட்டுத் தத்துவத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. டிமீட்டர் துதியை எடுத்துக்கொள்வோம். மகள் காணாமற்போனதும் டிமீட்டர் ஒன்பது நாள் உண்ணாமல், நீராடாமல், பந்தம் ஏந்தி அலைகிறாள். கிழவி வடிவில் எலூசிஸ் ஊருக்கு வந்து கிணற்றடியில் உட்கார்கிறாள். நீர் மொள்ள வந்த பெண்கள் அவளை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே பளபளக்கும் ஆசனத்தில் அமர மறுத்து, தலைகவிழ்ந்து நிற்கிறாள். இயாம்பே என்ற பணிப்பெண் ஓர் எளிய முக்காலியை வைத்து, மேலே வெண்ணிறச் செம்மறித் தோலை விரித்த பிறகே உட்கார்ந்து, முகத்திரையைக் கையால் இழுத்து மூடிக்கொள்கிறாள். யார் என்ன சொல்லியும் பேசவில்லை. இயாம்பே கேலி பேசிக் கேலி பேசி அவளைச் சிரிக்கவைக்கிறாள். மதுவை மறுத்து, பார்லி மாவும் நீரும் புதினாவும் கலந்த பானத்தைத் தேவி கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் துக்க வீட்டில் எப்படி இருப்பாளோ அப்படியே இருக்கிறாள். 'இயற்கையின் பருவ மாற்றத்தை இக்கதை குறிக்கிறது' என்ற ஒரு வரிச் சுருக்கத்தில் அந்த முக்காலியும் இல்லை, முகத்திரையும் இல்லை. துயரில் இருக்கும் ஒரு பெண் இத்தேவியின் முன் விளக்கேற்றி வைப்பது, கதையில் வரும் அந்த முக்காலிக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவ்வழிபாட்டில் ஒழுக்க நெறி உண்டா?

கட்டளைப் பட்டியல் கிடையாது, நெறி உண்டு. 'உன்னை அறி', 'எதிலும் மிகை வேண்டா' என்ற டெல்ஃபி வாசகங்கள் எல்லாரும் அறிந்தவை. அவற்றைவிட வலிமையானதாக எனக்குத் தோன்றுவது விருந்தோம்பல். வழிப்போக்கரும் பிச்சைக்காரரும் ஜீயஸிடமிருந்தே வருகிறார்கள் என்று ஒடிசி சொல்கிறது. வந்தவருக்கு முதலில் உணவு கொடுத்துவிட்டு, அதன்பின்தான் பெயரும் ஊரும் கேட்க வேண்டும் என்பது அக்காப்பியம் காட்டும் முறை.

கிரேக்க இனத்தவர் அல்லாதவர் வழிபடலாமா?

இதில் கருத்து வேறுபாடு உண்டு. கிரேக்க நாட்டிலுள்ள சிலர் இதைத் தங்கள் இனத்தின் முன்னோர் மரபாகவே காண்கிறார்கள். நூற்றாண்டுக்கணக்கில் இழிவுபடுத்தப்பட்ட ஒன்றைக் காப்பவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இரத்தத்தைக் கொண்டு வாசலை அடைப்பதற்குப் பழைய மரபிலேயே ஆதாரம் குறைவு. எலூசிஸில் டிமீட்டரின் மறைவழிபாட்டில் சேரக் கிரேக்க மொழி தெரிந்திருக்க வேண்டும், கையில் கொலைப்பழி இருக்கக் கூடாது. இவ்விரண்டும் நிறைவேறினால் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அயலாருக்கும் அங்கே இடம் இருந்தது. உரோமப் பேரரசர்களே அங்கே தீட்சை பெற்றார்கள். பழைய தெய்வங்களின் பெயரை இனவெறிக்குப் பயன்படுத்துவோர் ஐரோப்பாவில் ஆங்காங்கே இருக்கிறார்கள். அந்நியனைக் காக்கும் ஜீயஸின் பெயரை அந்நியனை விரட்டப் பயன்படுத்துவது அத்தெய்வத்துக்கே இழைக்கும் குற்றம்.

எந்த மொழியில் வேண்டுவது? தமிழில் சொல்லலாமா?

பழங்கிரேக்கத்தில் சொல்வோரும் உண்டு, தத்தம் தாய்மொழியில் சொல்வோரும் உண்டு. கிரேக்கர்களே தங்கள் தெய்வங்களை எகிப்திலும் சிரியாவிலும் வேறு பெயர்களில் இனங்கண்டு வணங்கியவர்கள்தாம்.

தமிழில் பெயர்ப்பவர் முதலில் மோதிக்கொள்வது அடைமொழிகளில். அதீனாவுக்குரிய 'கிளௌகோபிஸ்' என்ற சொல்லை ஒளிவிழியாள் என்பதா, நீலவிழியாள் என்பதா, ஆந்தைவிழியாள் என்பதா? மூன்றுக்கும் மூலத்தில் இடமிருக்கிறது. 'ஒளிவிழியாள்' என்றே நான் எழுதி வருகிறேன். ஆனாலும் இரவில் உற்றுப் பார்க்கும் அந்தப் பறவையை இழந்துவிட்டோமே என்ற குறை ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. பொசைடனை 'நிலம் அதிர்ப்போன்' என்பதும், விடியல் தேவியை 'ரோஜாவிரலாள்' என்பதும் தமிழில் இயல்பாகவே அமைந்துவிடுகின்றன. பெயரும் வினையும் பண்பும் சேர்ந்து ஒரே சொல்லாகும் வசதி தமிழுக்கு இருப்பதால், அடைமொழிகளை உடைத்து விளக்கமாக எழுதாமல் சேர்த்தே எழுதுவது நல்லது. அழைக்கும்போது மூச்சு நீளாத சொல்தான் வேண்டும்.

பழைய துதிகளையே சொல்ல வேண்டுமா, சொந்தமாக எழுதலாமா?

எழுதலாம். ப்ரோக்ளஸும் பிளெத்தோனும் எழுதினார்கள். சாஃபோவின் பாட்டும் ஒரு நாள் புதிதாக எழுதப்பட்டதுதான். எழுத முற்படுவோருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. தெய்வத்தை 'எல்லாம் வல்ல', 'எங்கும் நிறைந்த' போன்ற பொதுச் சொற்களால் அழைக்காதீர்கள். அவை எந்தத் தெய்வத்துக்கும் பொருந்தும், ஆகவே யாரையும் அழைக்காது. ஹெர்மிஸ் என்றால் வழியில் நிற்கும் கற்குவியலைச் சொல்லுங்கள், ஆமை ஓட்டில் நரம்பு கட்டி யாழ் செய்த குழந்தையைச் சொல்லுங்கள். ஊர்ப்பெயர்களை விட்டுவிடாதீர்கள். அத்தெய்வத்துக்கும் உங்களுக்கும் இடையே உண்மையில் நடந்தது எதுவோ அதை மட்டும் நினைவூட்டுங்கள்; நடக்காததை அலங்காரத்துக்காகச் சேர்க்காதீர்கள். எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நா இடறும் இடங்களைத் திருத்துங்கள்.

பாடலை எப்படி முடிப்பது?

ஹோமரிய துதிகளில் பல ஒரே மாதிரியாக முடிகின்றன. முதலில் விடைபெறும் சொல்: 'காய்ரே'. மகிழ்ந்திரு என்பது அதன் பொருள்; காரிஸ் என்ற சொல்லுக்கு நெருங்கிய உறவு. பெரும்பாலும் அதன்பின் ஓரடி வருகிறது: நான் உன்னையும் நினைப்பேன், வேறொரு பாடலையும் நினைப்பேன்.